வலைநிரலாக்கத்தில் தமிழ் வட்டார அமைவு: ஒரு மதிப்பீடு

வலைப்பக்கம் எந்த மொழியில் அமைய வேண்டும், எண், தேதி, நாணயம், பெயர்வரிசை ஆகியவற்றை எந்த வழக்கப்படி காட்ட வேண்டும் என்று நிரலுக்கு அறிவிக்கும் குறிப்பு வட்டார அமைவு எனப்படும். நிரலாளர்கள் இதை லோக்கேல் என்பர்.

தமிழின் மொழிக் குறியீடு டி, ஏ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள். தமிழ்நாட்டை எண்ணி டி, என் என்று எழுதினால் அது ஆப்பிரிக்காவின் செட்சுவானா மொழியைக் குறிக்கும். மொழிக் குறியீட்டுடன் நாட்டுக் குறியீடும் சேரும்போது வழக்கம் மாறுகிறது. பத்து லட்சம் என்பது இந்தியத் தமிழ் அமைவில் 10,00,000 என்றும், சிங்கப்பூர்த் தமிழ் அமைவில் 1,000,000 என்றும் காட்டப்படும்.

வரிசைப் பிழை

பல தளங்களில் சொற்கள் தமிழாக்கப்படுகின்றன, அமைவு கவனிக்கப்படுவதில்லை. இக்குறை ஊர்ப்பட்டியலில் வெளிப்படும். அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கம், அயனம்பாக்கம் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ் நெடுங்கணக்கில் னகரம் இறுதி மெய். எனவே அயப்பாக்கம் முன்னே வர வேண்டும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டின் சார்ட் கட்டளை யூனிகோடு எண்களையே ஒப்பிடுகிறது. அங்கே னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன் இருப்பதால் அயனம்பாக்கம் முந்துகிறது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988-இல் வகுக்கப்பட்ட இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றியதே இதற்குக் காரணம்.

ஆவடிப் பக்கத்து அண்ணனூரும் அணைக்கட்டுச்சேரியும் இவ்வாறே இடம் மாறும். புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்குப் பின்னே இருப்பதால், 'ண்' என்பது 'ணை'க்குப் பின் தள்ளப்படுகிறது. தமிழ் அமைவைக் குறிப்பிட்டு லோக்கேல்கம்பேர் கட்டளையால் ஒப்பிடுவதே முறை. மாணவர்கள் இந்த நான்கு ஊர்ப்பெயர்களை இட்டு இரு கட்டளைகளையும் சோதித்துப் பார்க்கலாம்.

இடமும் மொழியும்

பயனர் இருக்கும் இடத்தைக் கொண்டு மொழியை முடிவு செய்வது மற்றொரு தவறு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒடிசா, பீகார் தொழிலாளர்களும் வேலை செய்கின்றனர். அவர்களுக்குத் தமிழ்ப்பக்கத்தைத் திணிப்பதும், மும்பைத் தமிழருக்கு அதை மறைப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

உலாவி அனுப்பும் விருப்பமொழிக் குறிப்பு இதைவிட நம்பத்தக்கது. எனினும் அதுவும் போதாது. கைபேசியை ஆங்கில அமைப்பிலேயே வைத்துக்கொண்டு தமிழில் படிப்போர் பலர். ஆகவே முதற்பக்கத்திலேயே மொழித்தேர்வு தெரிய வேண்டும். பயனர் தேர்ந்ததை அடுத்த முறையும் தளம் நினைவில் வைக்க வேண்டும். பக்கத்தின் மொழிக்குறியும் தமிழாக இருக்க வேண்டும். அது ஆங்கிலமாக இருந்தால், பார்வையற்றோரின் திரைபடிப்பான் தமிழ்ச் சொற்களை ஆங்கிலக் குரலில் சிதைக்கும் அல்லது படிக்காமல் தாண்டும்.

இவற்றுக்குத் தேவையான கருவிகள் இன்றைய உலாவிகளிலேயே இலவசமாக உள்ளன. அவற்றைப் பயன்படுத்தாத படிவத்தில், பள்ளியில் படித்த அகரவரிசைப்படி தம் ஊரைத் தேடுபவர் அது பட்டியலில் இல்லை என்றே எண்ணி, விண்ணப்பத்தைப் பாதியில் விட்டுவிடக்கூடும்.