நாலு ஆல்பம், நாட் அவுட்

மூன்றே கால் மணி நேரம் கையில் இருந்தால் போதும். இரவு பத்து மணிக்கு மேல் என்றால் இன்னும் நல்லது. ரோலிங் ஸ்டோன்ஸின் 'பெக்கர்ஸ் பேங்க்வெட்', 'லெட் இட் ப்ளீட்', 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்', 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' நான்கையும் வந்த வரிசையிலேயே, ஒரு பாட்டைக்கூடத் தாண்டாமல் கேட்டுவிடலாம். போன சனிக்கிழமை மொட்டை மாடியில் நாங்கள் மூன்று பேர் அதைத்தான் செய்தோம். இன்னும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுக்குள் இருபது வருஷத்து வழக்கு ஒன்று உண்டு. ராக் இசையில், நடுவில் சறுக்காமல், அடுத்தடுத்து அபாரமான ஆல்பங்களைத் தந்த ஆள் யார்? இதற்கு விதிகளும் வைத்திருக்கிறோம். குறைந்தது நாலு ஆல்பமாவது வேண்டும். கச்சேரிப் பதிவும் பழைய பாட்டுத் தொகுப்பும் கணக்கில் சேராது. நடுவில் ஒரு சொத்தை வந்தால் அவுட். அம்பயரிடம் கெஞ்சுவதெல்லாம் நடக்காது. மூன்று பேரில் ஒருவன் லெட் செப்பலின் பக்தன். இன்னொருவர் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், பீட்டில்ஸ் கட்சி. அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வாதம் முற்றினாலும் அந்த மரியாதை மட்டும் குறையாது.

பீட்டில்ஸ் கட்சியை முதலில் கவனிப்போம். 1965-இல் 'ரப்பர் சோல்', 66-இல் 'ரிவால்வர்', 67-இல் 'சார்ஜண்ட் பெப்பர்', 68-இல் வெள்ளை ஆல்பம், 69-இல் 'ஆபி ரோட்'. எழுதும்போதே கை கூப்பத்தான் தோன்றுகிறது. ஆனால் வெள்ளை ஆல்பத்துக்கும் 'ஆபி ரோட்'டுக்கும் நடுவே, 1969 ஜனவரியில், 'யெல்லோ சப்மரீன்' என்று ஒன்று வந்ததே? அதன் ஒரு பக்கம் முழுக்க ஜார்ஜ் மார்ட்டின் கார்ட்டூன் படத்துக்கு அமைத்த பின்னணி இசை. இதைச் சொன்னால் அண்ணனுக்கு முகம் சிவந்துவிடும். "அது படத்தோட ஆல்பம், அதை எப்படிப்பா சேர்ப்பே?" என்பார். விதி விதிதான் அண்ணே.

டிலன் 1965, 66-இல் பதினைந்து மாதத்துக்குள் மூன்று மலைகளைத் தூக்கி வைத்தார். மூன்றுதான், எங்கள் விதிக்கு ஒன்று குறைகிறது. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் 1969 ஒரே வருஷத்தில் மூன்று ஆல்பம், மறு வருஷம் ஜூலையில் 'காஸ்மோஸ் ஃபேக்டரி' என்று இட்லி அவிப்பதுபோல் இறக்கிக்கொண்டே இருந்தது. பிளாக் சபாத்தின் முதல் ஆறு ஆல்பங்களை ஒருவன் முன்னே வைத்தால் நான் எழுந்து நின்று கேட்பேன். தகரத் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தவை அவை. செப்பலினுக்கும் ஆறு. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன், இல்லையென்றால் நண்பன் கோபித்துக்கொள்வான்.

என் கட்சி ஸ்டோன்ஸ். காரணம் ஒரு கேசட்.

நண்பன் ஒருவனின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் இசைத்தட்டுகள் வரும். அவற்றை ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துத் தொண்ணூறு நிமிட கேசட்டில் ஏற்றிக்கொள்வோம். முதல் கேசட்டில் ஏ பக்கம் 'பெக்கர்ஸ் பேங்க்வெட்', பி பக்கம் 'லெட் இட் ப்ளீட்'. ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாற்பது நிமிடம், அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தியது. 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்'தான் வம்பு செய்தது. அது நாற்பத்தாறு நிமிடம், கேசட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து. கடைசிப் பாட்டான 'மூன்லைட் மைல்' முடிகிற இடத்தில் டக்கென்று ரிக்கார்டரின் பொத்தான் எகிறிவிடும். கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் அது தெரியவில்லை. அந்தப் பாட்டு அப்படித்தான், இருட்டில் நடந்துகொண்டிருந்த ஆள் சட்டென்று காணாமல் போவதுபோல் முடியும் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

சரி, ஆல்பங்களுக்கு வருகிறேன்.

இந்த ஓட்டம் ஒரு சறுக்கலில்தான் தொடங்குகிறது. 1967 டிசம்பரில் பீட்டில்ஸைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டதுபோல் 'தேர் சாட்டானிக் மெஜஸ்டீஸ் ரிக்வெஸ்ட்' என்று ஒன்றைச் செய்தார்கள். ஒட்டவில்லை. அடுத்த வருஷமே ஜிம்மி மில்லர் என்ற அமெரிக்கரைத் தயாரிப்பாளராக வைத்துக்கொண்டார்கள். சினிமாவில் பணம் போடுகிறவரைச் சொல்கிற பொருளில் அல்ல. ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒலியைத் திரட்டி உருட்டுகிறவர். அடிப்படையில் டிரம்மர். அதுதான் விஷயம். நான்கு ஆல்பத்திலும் தாளம் முன்னே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதற்கு அவர் காரணம் என்பது என் கட்சி. 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வாண்ட்' பாட்டின் நடை குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸுக்கே பிடிபடாமல்போக, மில்லரே உட்கார்ந்து வாசித்த டிரம்ஸ்தான் பதிவில் இருக்கிறது. சார்லி வாட்ஸ் போன்ற ஒரு மகான் எழுந்து இடம் கொடுக்கிறார் என்றால் அந்த அறையில் என்ன மாதிரிக் காற்று இருந்திருக்க வேண்டும்!

'பெக்கர்ஸ் பேங்க்வெட்'டில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' என்று ஒரு பாட்டு. கல்லெறிச் சத்தம்போல் தொடங்கும். அதில் எலெக்ட்ரிக் கிதாரே கிடையாது என்று தெரிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. கீத் ரிச்சர்ட்ஸ் சாதாரண அக்கூஸ்டிக் கிதாரை ஒரு சின்ன பிலிப்ஸ் கேசட் ரிக்கார்டருக்கு முன்னால் ஓங்கி அடிக்கிறார். ஏழைப் பெட்டி திணறுகிறது, ஒலி கிழிகிறது. அந்தக் கிழிசலைத்தான் பெரிய டேப்பில் ஏற்றினார்கள். எங்கள் வீட்டில் அப்பா செய்தி கேட்பதற்கு வைத்திருந்ததும் பிலிப்ஸ் பெட்டிதான்! அதற்கடியில் பிரையன் ஜோன்ஸ் வாசிக்கும் சிதாரும் தம்புராவும் ஓடுகின்றன. கடைசியில் டேவ் மேஸன் ஊதும் ஷெனாய், நம் நாதஸ்வரத்தின் வடநாட்டுத் தம்பி. புரட்சிப் பாட்டுக்கு நடுவே தம்புரா சுருதி பிடித்துக்கொண்டிருப்பதை ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

அதே ஆல்பத்தில் 'நோ எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பாட்டில் பிரையனின் ஸ்லைடு கிதார். மனசார அவர் வாசித்தது அதுதான் கடைசி என்று மிக் ஜாகரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1969 ஜூன் மாதம் பிரையன் குழுவை விட்டு விலகினார், ஜூலை 3 அன்று தன் வீட்டு நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். வயது 27. குழுவைத் தொடங்கியவரே அவர்தான். டிசம்பரில் வந்த 'லெட் இட் ப்ளீட்'டில் போனவருக்கு இரண்டு பாட்டு, புதிதாக வந்த மிக் டெய்லருக்கு இரண்டு பாட்டு. மற்ற இடங்களில் கிதார் சுமை ஏறக்குறைய முழுக்கக் கீத்தின் தோளில்.

'கிம்மி ஷெல்டர்' பற்றி எழுதாமல் தாண்ட முடியுமா? லாஸ் ஏஞ்சல்ஸில் நள்ளிரவு நெருங்கும்போது மெர்ரி கிளேட்டன் என்ற பாடகிக்கு போன் வருகிறது. கர்ப்பிணி, தலையில் சுருள் போட்டுப் படுக்கப் போனவர். ஸ்டோன்ஸ் யாரென்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. அப்படியே கிளம்பி வந்து, நின்று, பாடுகிறார். உச்ச வரியை மூன்றாம் முறை பிடிக்கும்போது குரல் உடைகிறது. வெள்ளிக் கம்பி நடுவில் முறிவதுபோல். பின்னால் யாரோ தாங்கமாட்டாமல் "வூ!" என்று கத்துவதும் பதிவாகியிருக்கிறது. கச்சேரியில் நம்மை அறியாமல் "சபாஷ்" வருமே, அதேதான். அந்தப் பதிவுக்குப் பிறகு மெர்ரி தன் கருவை இழந்தார்; நெடுநாள் அந்தப் பாட்டைக் கேட்கவே முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஆல்பத்தின் உறையில் அவர் பெயரை 'மேரி' என்று தப்பாக அச்சடித்தார்கள். சனிக்கிழமை இரவு அந்த இடம் வந்தபோது மூன்று பேரும் பேச்சை நிறுத்தியிருந்தோம். எத்தனையோ தடவை கேட்டதுதான். இருந்தும் என்னுடைய கை மயிர் குத்திட்டு நின்றது.

அந்த வருஷ டிசம்பரைப் பாருங்கள். 2 முதல் 4 வரை அலபாமாவில் ஷெஃபீல்டு என்ற சின்ன ஊரில் இருந்த மஸில் ஷோல்ஸ் ஸ்டூடியோவில் 'பிரவுன் ஷுகர்', 'வைல்ட் ஹார்ஸஸ்', 'யூ காட்டா மூவ்' மூன்றையும் பதிவு செய்கிறார்கள். 6-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் ஆல்டமான்ட் கச்சேரி. மேடைக்கு முன்னாலேயே ஒரு இளைஞர் குத்திக் கொல்லப்படுகிறார். மூன்று நாள் அபாரம், இரண்டு நாள் கழித்து ரத்தம். 'பிரவுன் ஷுகர்' முதன்முதலாக மேடையேறியதும் அந்த மைதானத்தில்தான். அதன் வரிகள் அடிமைப் பெண்களைப் பற்றி விளையாட்டாகப் பேசுவதை இன்றைக்குக் கேட்டால் எனக்கே கூசுகிறது. 2021 அமெரிக்கப் பயணத்தில் அவர்களே அதை ஒதுக்கி வைத்தார்கள். ஆனால் அந்தக் கிதாரும் பாபி கீஸின் சாக்ஸஃபோனும் என் கால்களிடம் அனுமதி கேட்பதில்லை.

1971-இல் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்'. ஆண்டி வார்ஹோல் யோசனையில் ஜீன்ஸ் பேண்ட் படம் போட்ட உறை, அதில் நிஜ ஜிப்! கப்பல் அண்ணனின் தட்டில் அந்த ஜிப்பை ஏற்றி இறக்கியே பாதி நாள் போய்விட்டது. "என்னடா கருமம் இது" என்று நண்பனின் அம்மா பிடுங்கிப் பீரோவுக்கு மேல் வைத்துவிட்டார். அந்த ஜிப் அடுக்கில் பக்கத்துத் தட்டை அழுத்திக் கெடுக்கிறது என்று கடைகளிலிருந்து புகார் வர, ஜிப்பைப் பாதிவரை இறக்கி அனுப்பினார்கள். அப்போது பள்ளம் விழுவது தட்டின் நடுக் காகிதத்தில், பாட்டில் அல்ல. எவ்வளவு எளிய மூளை!

அதில் 'கான்ட் யூ ஹியர் மீ நாக்கிங்' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தும் யாரும் நிறுத்தவில்லை, டேப் ஓடிக்கொண்டிருந்தது. காங்கா, சாக்ஸ், பிறகு மிக் டெய்லரின் கிதார், ராக ஆலாபனைபோல் ஒவ்வொரு படியாக ஏறிப் போகிறது. கீத்தின் கரடு, டெய்லரின் வழவழப்பு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். பனைவெல்லமும் நெய்யும்.

பிறகு 'எக்ஸைல்'. இங்கிலாந்தின் வருமான வரிக்குப் பயந்து ஐந்து பேரும் பிரான்ஸின் தென்கரைக்கு ஓடுகிறார்கள். வில்ஃப்ரான்ஷ் ஊரில் கீத் வாடகைக்கு எடுத்த நெல்கோட் மாளிகை. வாசலில் அவர்களுடைய ஒலிப்பதிவு லாரி. கீழே நிலவறையில் பாட்டு. காற்றே வராது. புழுக்கத்தில் கிதார் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். 'வென்டிலேட்டர் ப்ளூஸ்' என்ற பாட்டுக்குப் பெயர் வந்த விதம் புரிந்திருக்கும். யார் எப்போது எழுந்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மதியம் கீத், பாபி கீஸ், மில்லர் மூவர்தான் கையில் கிடைத்தார்கள். அவர்களை வைத்தே 'ஹாப்பி' உருவாகிவிட்டது, டிரம்ஸ் மறுபடி மில்லர். கீத் ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு ஐந்து தந்தியில் வாசிக்கும் அந்த முறை இங்கேதான் முழுசாகப் பழுத்தது. 1972 மே மாதம் இரட்டைத் தட்டாக, பதினெட்டுப் பாட்டோடு வந்தபோது விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். குரல் அமுங்கிக் கிடக்கிறது என்றார்கள். உண்மைதான், கலவை சேறுபோல் இருக்கும். எனக்கும் முதல் ஐந்து முறை பிடிக்கவில்லை. ஆறாவது முறை அந்தச் சேற்றில் கால் வைத்தேன், இன்னும் எடுக்கவில்லை.

இவை ஆல்பத்தில் இருப்பவை மட்டும். 'ஜம்ப்பின் ஜாக் ஃபிளாஷ்', 'ஹாங்கி டாங்க் விமன்' இரண்டும் அதே காலத்தில் தனித்தட்டாக வந்தன. எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் சேர்க்கவில்லை! இரண்டாவது பாட்டின் நாட்டுப்புற வடிவம் ஒன்றை மட்டும் 'லெட் இட் ப்ளீட்'டில் போட்டார்கள். வேறு குழுவாக இருந்தால் அந்த இரண்டை வைத்தே இரண்டு ஆல்பம் ஓட்டியிருக்கும்.

செப்பலின்காரன் இங்கே மடக்கினான். "மச்சி, எல்லாம் மில்லராலதான்னா, அடுத்த வருஷம் 'கோட்ஸ் ஹெட் சூப்'பும் மில்லர்தானே பண்ணாரு? அது ஏன் படுத்துச்சு?" நல்ல பந்து. பதில் சொல்லத் திணறினேன். களைத்துப்போயிருப்பார்கள் என்றேன். மூன்றரை வருஷத்தில் ஒரு சாவு, ஒரு கொலை, ஊர்விட்டு ஓட்டம், கஞ்சாவையும் தாண்டிய பழக்கங்கள். அத்தனைக்கும் நடுவில் கை நடுங்காமல் இருந்ததால்தானே அந்த நாலையும் தூக்கி வைக்கிறேன் என்றேன். "அப்ப செப்பலின்?" என்றான். செப்பலினுக்கு எல்லாம் கூடி வந்தது, முதல் தட்டிலிருந்தே ராஜ நடை, மறுக்கவில்லை. 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டுக்கு ஒரு பழைய வீட்டு மாடிப்படியடியில் டிரம்ஸை வைத்துப் பதிவு செய்தார்களே, அந்த ஒரு பாட்டுக்காக மட்டும் நான் கட்சி மாறிவிடக்கூடும். அவனிடம் சொல்லவில்லை.

'எக்ஸைல்' முடிந்தபோது மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது. அண்ணன் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடி, "அந்தக் கேசட் பாட்டை இன்னொரு தடவை போடுப்பா" என்றார். 'மூன்லைட் மைல்' போட்டேன். பால் பக்மாஸ்டர் அமைத்த வயலின்கள் கடைசியில் அலைபோல் எழும்பி, மெல்ல அடங்கி, எங்கேயோ தூரத்தில் போய்க் கரைகின்றன. கடைக்காரர் எனக்குத் தராமல் வைத்துக்கொண்ட அந்த ஒரு நிமிடம். இந்த முறை பொத்தான் எகிறவில்லை.

செப்பலின்காரன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அடுத்த மாசம் எங்களோட ஆறு. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஆகும். டிபன் நீ வாங்கிட்டு வந்துடு."