ஒட்டாத தொட்டியும் ஒட்டுப்போடும் வைத்தியங்களும்

மதுரை நகரின் விரிவுப் பகுதிகளில் தண்ணீர் வண்டியை அறியாதவர் இரார். சிறு சரக்கு வண்டி ஒன்று. அதன்மேல் கயிற்றால் கட்டிய 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. தொட்டியின் அடியில் ஒரு குழாய். குடம் இவ்வளவு என்று விலை. வைகை நீர் குழாயில் வராத நாள்களிலும், ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்க்கும் தெருக்களிலும் குடிப்பதற்கும் உலை வைப்பதற்கும் இந்த வண்டிதான் கதி. மேனாடுகளில் விடுமுறைக்கு ஒரு சிறு வீட்டையே காரின் பின்னால் இழுத்துச் செல்வோர் உண்டு. அந்த வீட்டின் தரைக்கு அடியில் இருப்பதும் பெரும்பாலும் இதே பாலித்தீன் தொட்டிதான். வண்டிகள் வேறு, தொட்டிகளுக்கு வரும் நோய் ஒன்றே. சில ஆண்டுகள் சாலையில் குலுங்கியபின் அடிப்பக்கத்தில் ஒரு கீறல் தோன்றி நீர் கசியத் தொடங்குகிறது.

கசிவைக் கண்டதும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். சோப்பைத் தேய்க்கச் சொல்வார் ஒருவர். இரண்டு களிகளைப் பிசைந்து அப்பும் எபாக்சிப் பசையை வாங்கித் தருவார் இரும்புக்கடைக்காரர். சிமெண்டைப் பூசு, தாரைப் பூசு என்பாரும் உண்டு. படித்தவர்களும் இவற்றையே சொல்கிறார்கள் என்பதால் இவற்றைச் சற்று உரைத்துப் பார்ப்பது பயனுடையது.

முதலில் கசிவின் அளவைக் காண்போம். 1 மீட்டர் உயரம் நீர் நிற்கும் தொட்டியின் அடியில் 1 மி.மீ. விட்டமுள்ள துளை இருப்பதாகக் கொள்வோம். டாரிசெல்லியின் விதிப்படி நீர் வெளிப்படும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர். துளையின் விளிம்பில் நீர்த்தாரை சுருங்குவதையும் கணக்கில் கொண்டால் நொடிக்கு 2 மில்லிலிட்டர் அளவு வெளியேறும். மணிக்கு ஏழரை லிட்டர். தொட்டி நிறைந்தே இருந்தால் நாளொன்றுக்கு 180 லிட்டர். அதாவது 15 லிட்டர்க் குடத்தில் 12 குடம்! வண்டியில் நீர்மட்டம் இறங்க இறங்க இழப்பும் குறையும். ஆனால் மொட்டைமாடித் தொட்டியில் மோட்டார் போட்டு மீண்டும் மீண்டும் நிரப்புகிறோம் அல்லவா? அங்கே இந்தக் கணக்கு ஏறக்குறைய அப்படியே பலிக்கும்.

சோப்பு வைத்தியத்தை எடுத்துக்கொள்வோம். கீறலில் சோப்பை அழுத்தித் தேய்த்தால் கசிவு உடனே நிற்பது உண்மை. மெழுகு போன்ற அப்பொருள் இடுக்கை அடைத்துவிடுகிறது. நீர் அதைக் கரைத்துக்கொண்டு போக ஓரிரு நாள் ஆகும். அவ்வளவுதான் என்றால் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாலித்தீனுக்குச் சோப்பு பகை. தகைவுக்கு உட்பட்ட பாலித்தீனைச் சோப்பு, சலவைத்தூள் போன்றவை தொட்டுக்கொண்டிருந்தால், வெறும் நீரில் பல்லாண்டு தாங்கக்கூடிய பொருள் விரைவில் விரிசல் விடுகிறது. பாலித்தீன் தொழிலில் இது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. பொருளின் தரத்தைச் சோதிக்கவே இந்தப் பகையைப் பயன்படுத்துகிறார்கள்: பாலித்தீன் பட்டைகளில் கீறலிட்டு, வளைத்துப் பிடித்து, சலவைப் பொருளைப் போன்ற ஒரு திரவத்தில் மூழ்கவைத்து, எத்தனை மணி நேரத்தில் விரிசல் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் பொருளை உடைப்பதற்குச் செய்யும் செயலை நாம் வீட்டில் மருந்தாகச் செய்கிறோம்!

எபாக்சிப் பசையின் கதை வேறு. அது நீண்ட விமரிசனத்துக்குத் தகுதியானது. இரும்புக் குழாயின் கசிவை அது அருமையாக அடைக்கும். அந்தப் புகழை நம்பித்தான் அதைத் தொட்டியிலும் அப்புகிறோம். ஒரு வாரம் நிற்கும். ஒரு மாதமும் நிற்கலாம். பிறகு ஒரு நாள் அந்த ஒட்டு வில்லையைப்போல் முழுசாகக் கழன்று விழும். கழன்ற துண்டைக் கையிலெடுத்துப் பாருங்கள். அதன் உட்புறம் தொட்டியின் வழுவழுப்பை அச்சு எடுத்ததுபோல் இருக்கும். பசை உடையவில்லை, ஒட்டவே இல்லை.

ஏன்? பள்ளி இறுதி வகுப்பிலேயே ஓரினக் கவர்ச்சி, வேற்றினக் கவர்ச்சி, சேர்கோணம் ஆகியவற்றைப் படிக்கிறோம். நுண்புழையில் நீர் ஏறுவதற்குச் சூத்திரம் எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறோம். அதே பாடம்தான் இங்கும் விடை சொல்கிறது. ஆனால் நம் பாடநூல்கள் கண்ணாடிப் புழையோடு நின்றுவிடுகின்றன. ஒரு திரவம் ஒரு திண்மத்தின்மேல் பரவவேண்டுமானால் திரவத்தின் பரப்பு இழுவிசை திண்மத்தின் பரப்பு ஆற்றலைவிடக் குறைவாக இருக்கவேண்டும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். எபாக்சிப் பிசினுக்கு ஏறத்தாழ 45. பாலித்தீனின் பரப்பு ஆற்றலோ அதே அலகில் 31 அளவுதான். ஆகவே பிசின் அதன்மேல் பரவாமல் ஒதுங்கி நிற்கிறது. சுத்தமான இரும்பின் பரப்பு ஆற்றல் இதைப்போல் பன்மடங்கு. அங்கே பிசின் ஆவலோடு பரவுகிறது.

பாலித்தீன் என்பது கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட நீண்ட சங்கிலி. 1933-இல் இங்கிலாந்தின் நார்த்விச் நகரத்து ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராமல் கிடைத்த பொருள் இது. பிற மூலக்கூறுகள் பற்றிக்கொள்வதற்கு அதில் பிடி ஏதும் இல்லை. துருவேறாது, அரிக்காது, நீருக்குச் சுவை ஏற்றாது என்று அதைப் புகழ்கிறோமே, அவையெல்லாம் இந்த ஒட்டாத குணத்தின் வேறு பெயர்களே. நல்ல தொட்டி வேண்டும், அதில் பசையும் ஒட்டவேண்டும் என்றால் எப்படி?

மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். உடைந்த குடத்தின் துண்டு ஒன்றைக் கழுவி உலர்த்தி, ஒரு சொட்டு நீர் விடுங்கள். சொட்டு முத்தாக நிற்கும். பிறகு பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, அத்துண்டை அடுப்பின் நீலச் சுவாலையின் ஓரத்தில் ஒரு நொடி காட்டி எடுங்கள், உருகக்கூடாது. ஆறியபின் அதே இடத்தில் சொட்டு விட்டால் அது பரவுவதைக் காணலாம். சுவாலை பட்ட பரப்பில் ஆக்சிஜன் ஏறிவிட்டது; மூலக்கூறுகளுக்குப் பிடி கிடைத்துவிட்டது. பால் உறையின்மேல் அச்சு மை அழியாமல் நிற்பதும் இதே தந்திரத்தால்தான். அங்கே சுவாலைக்குப் பதில் மின்னிறக்கம் பயன்படுகிறது.

அப்படியானால் சுவாலை காட்டிவிட்டுப் பசை பூசலாமே என்று கேட்பீர்கள். முன்னைவிட நன்றாகவே ஒட்டும். ஆனால் மதுரை வெயில் ஒன்று இருக்கிறது. ஒரே வெப்பத்துக்குப் பாலித்தீன் எபாக்சியைவிட மூன்று மடங்கு அளவு அதிகமாக விரியும். காலைக்கும் நண்பகலுக்கும் இடையே தொட்டியின் மேற்பரப்பு 30° செல்சியஸ் சூடேறினால், 10 செ.மீ. நீளமுள்ள ஒட்டின் அடியில் பாலித்தீன் அரை மி.மீட்டருக்கு மேல் நீள முயல்கிறது. எபாக்சியோ அதில் மூன்றில் ஒரு பங்கு நீண்டு நின்றுவிடுகிறது. இந்த இழுபறி ஒரு நாளா, இரு நாளா?

ஓரம் சற்றே விட்டுக்கொடுத்தாலும் போதும். பிறகு பாஸ்கல் வந்துவிடுவார். 1 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஏறத்தாழ 9,800 பாஸ்கல். 1 சதுர மி.மீ. கீறலின்மேல் அது தரும் விசை வெறும் 1 கிராம் எடை. அதைத் தடுப்பது எந்தப் பசைக்கும் எளிது. ஆனால் நீர் ஒட்டுக்கும் சுவருக்கும் இடையே மெல்ல ஊர்ந்து, 10 செ.மீ. சதுர ஒட்டின் அடி முழுவதும் பரவிவிட்டால் அதே அழுத்தம் 10 கிலோ எடையாக வெளிநோக்கித் தள்ளும். பத்தாயிரம் மடங்கு! 'பசை நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று விட்டுவிட்டது' என்று சொல்வது இதைத்தான். ஒட்டை உட்புறமாகப் போட்டால் நீர் அதைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். இயற்பியல்படி அது மேல். ஆனால் அப்போது குடிநீர் அந்தப் பசையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். குடிநீருக்கு ஏற்றதென்று உறையில் எழுதியிராத எதையும் தொட்டியினுள் பூசுவதை நான் ஏற்கமாட்டேன். சிமெண்டுக்கும் தாருக்கும் தனி விமரிசனம் தேவையில்லை: சிமெண்டு வளையாது, தொட்டி வளையும், தார் வெயிலில் இளகும், குடிநீரில் அதற்கு வேலையில்லை.

இனி, இத்தனை பேரும் மறந்துவிட்ட ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். உடைந்த பிளாஸ்டிக் குடங்களை ஒட்டித் தருவதாகக் கூவிக்கொண்டு தெருவில் வருவாரே, அவர். அடுப்பில் காய்ச்சிய இரும்புக் கம்பியும், பழைய குடங்களின் துண்டுகளும்தான் அவருடைய கருவிகள். “சார், இது ஒட்டுற சாமான் இல்லை, உருக்குற சாமான்” என்றார் அத்தொழில் செய்யும் பெரியவர் ஒருவர். இந்தப் பொருளைப் பற்றி இதைவிடச் சரியாக நானும் வகுப்பில் சொல்லமுடியாது. தொட்டிகள் பெரும்பாலும் 125° செல்சியஸை ஒட்டி உருகும் பாலித்தீன் வகையால் ஆனவை. தொட்டியும் ஒட்டுத் துண்டும் சேர்ந்து உருகும்போது ஒன்றின் சங்கிலிகள் மற்றொன்றில் புகுந்து பின்னிக்கொள்கின்றன. ஆறியபின் அங்கே இரண்டு பொருள்கள் இல்லை. ஆகவே பரப்பு ஆற்றல் என்ற கேள்வியே எழுவதில்லை.

அவரிடமும் குறை உண்டு. கைக்குக் கிடைத்த துண்டை உருக்குவது பெரிய குறை. நாற்காலியும் பல வாளிகளும் பாலிப்ரொப்பிலீன். அது 160° செல்சியஸுக்கு மேல்தான் உருகும், பாலித்தீனோடு கலக்காது. பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும்: 2, 4 என்றால் பாலித்தீன், 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். எல்லாவற்றிலும் நல்லது, அதே தொட்டியில் குழாய்க்காகத் துளையிட்டபோது வெட்டியெடுத்த வட்டத் துண்டு. வாங்கிய அன்றே அதைப் பத்திரப்படுத்துங்கள். கம்பியை அளவுக்கு மீறிக் காய்ச்சுவது மற்றொரு குறை. புகை கிளம்பினால் பாலித்தீன் உருகவில்லை, சிதைகிறது என்று பொருள்.

உருக்குவதற்கு முன்னால் கீறலின் இரு முனைகளிலும் சிறு துளை இடவேண்டும். கசிகிற தொட்டியில் மேலும் துளையா என்று தோன்றும். 1913-இல் இங்கிலிஸ் என்ற பொறியியலறிஞர் கூர்மையான கீறலின் முனையில் தகைவு எவ்வளவு குவிகிறது என்று கணக்கிட்டார். 4 செ.மீ. நீளக் கீறலின் முனை 0.05 மி.மீ. ஆரமுள்ளதாக இருந்தால் அங்கே தகைவு சுமார் 41 மடங்கு. முனையில் 5 மி.மீ. விட்டத் துளை போட்டால் அது ஏறத்தாழ 7 மடங்காக இறங்கிவிடும். நெகிழும் பாலித்தீனில் இந்த எண்கள் அப்படியே நிற்கமாட்டா, போக்கு மாறாது. பிறகு கீறலை நெடுக ஆப்பு வடிவில் செதுக்கி, அழுக்கும் சோப்பும் இல்லாமல் துடைத்து, இரு பக்கமும் இளகியபின் உருகிய துண்டை அழுத்தி நிரப்பவேண்டும். நீர் ஊற்றிக் குளிரவைக்காமல் தானே ஆறவிடவேண்டும். உட்புறம் செய்யவேண்டியிருந்தால் தொட்டியைச் சாய்த்து, வெளியில் நின்றபடியே கையை விட்டுச் செய்க. தொட்டிக்குள் இறங்கிச் சூடான கம்பியோடு வேலை செய்வது உயிருக்கே ஆபத்து.

எவ்வளவு நன்றாக உருக்கினாலும், கீறல் ஏன் வந்தது என்று பாராவிட்டால் பக்கத்திலேயே இன்னொன்று வரும். வண்டிகளில் இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 1000 லிட்டர் நீர் என்பது 1 டன் எடை. முக்கால் டன் பாரத்துக்கென விற்கும் வண்டியிலும் அதை ஏற்றுகிறார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வண்டித் தளத்தின் மேடுபள்ளங்கள் மேல் தொட்டியை நேராக வைத்தால், தட்டையான அடி முழுவதும் தாங்கவேண்டிய எடையை நாலைந்து விளிம்புகள் தாங்குகின்றன. கீறல் பெரும்பாலும் அந்த விளிம்புகளின் மேலேயோ, குழாய் பொருத்திய துளையின் ஓரத்திலேயோதான் தொடங்கும். பாதி காலியான தொட்டியில் நீர் அலைமோதும். 1.1 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் அந்த ஊசல் ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை. வேகத்தடைகள் அடுத்தடுத்து அதே இடைவெளியில் வந்தால் ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுவதுபோல் அலை பெருகும். அந்த மோதலையெல்லாம் அடித்துளையில் தொங்கும் கனத்த பித்தளை வால்வு நெம்புகோலாக வாங்கித் தொட்டிச் சுவருக்குக் கொடுக்கிறது.

தொட்டியின் அடி முழுவதும் படியும்படி ஒரு கெட்டிப் பலகை, குழாய்க்கும் வால்வுக்கும் இடையே ஒரு முழ நீளம் வளையும் ரப்பர்க் குழாய், வால்வை வண்டிச் சட்டத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வி. இவற்றின் செலவு புதுத் தொட்டியின் விலையில் சிறு பகுதிதான்.

கத்தி முனையால் தொட்டியின் வெளிப்புறத்தைச் சுரண்டிப் பாருங்கள். நல்ல பாலித்தீன் சுருளாக வரும். சுண்ணாம்புபோல் பொடியாக உதிர்ந்தால் வெயிலின் புறஊதாக் கதிர்கள் அந்தச் சங்கிலிகளைத் துண்டாக்கிவிட்டன. கரித்தூள் சரியான அளவில் கலந்த கறுப்புத் தொட்டியில் இது மெல்லவே நடக்கும். மேலேடு மட்டும் கெட்டிருந்தால் அதைச் செதுக்கிவிட்டு உருக்கலாம். ஆழச் செதுக்கியும் பொடியாகவே வந்தால், உருக்கினாலும் பின்னிக்கொள்வதற்கு அங்கே நீண்ட சங்கிலிகள் இல்லை. அந்தத் தொட்டியை வண்டியிலிருந்து இறக்கிவிடவேண்டியதுதான்.