தொடக்கங்களின் அரசியல்: பராக் ஒபாமாவின் மூன்று வாழ்க்கை வரலாறுகள்

வாழ்க்கை வரலாறு தனிமனிதரைப் பொருளாகக் கொள்ளும் இலக்கிய வடிவம் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஆயினும், அதனை எழுதப் புகும் ஆசிரியர் எவ்விடத்திலிருந்து தொடங்குவது எனத் தீர்மானிக்கும்போதே, வரலாற்றை இயக்குவது எது என்னும் வினாவிற்கும் விடையளித்து விடுகின்றார். 1851 டிசெம்பரில் லூயி பொனபார்ட் நடத்திய சதிப்புரட்சியைப் பற்றி விக்டர் ஹியூகோ, புறூதோன், மார்க்ஸ் ஆகிய மூவரும் எழுதினர். ஹியூகோ அந்நிகழ்ச்சியை ஒரு தனிமனிதனின் வன்செயலாகவே கண்டமையால், தாம் இகழ விரும்பியவனைப் பெரியவனாக்கி விட்டார் என்றும், புறூதோன் புறநிலைக் காரணங்களை அடுக்கிச் சென்று அவனுக்கு நியாயம் கற்பிப்பதில் முடிந்தார் என்றும் மார்க்ஸ் 1869 இல் தமது நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையிலே சுட்டினார். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சனாதிபதியாக 2009 முதல் 2017 வரை பதவி வகித்த பராக் ஒபாமா பற்றிய மூன்று நூல்களை ஒப்புநோக்குவதற்கு இவ்வளவுகோல் இன்றும் பொருந்துவதாகும்.

டேவிட் றெம்னிக் 2010 இல் வெளியிட்ட 'த பிரிட்ஜ்' (பாலம்) செல்மா நகரிலே தொடங்குகின்றது. 1965 மார்ச் 7 ஆம் திகதி, வாக்குரிமை கோரிச் சென்ற கறுப்பின மக்கள் அந்நகரின் எட்மண்ட் பெற்றஸ் பாலத்திலே அரச காவற்படையினரால் தாக்கப்பட்டனர். 2007 இல் வேட்பாளராக அங்கு சென்று உரையாற்றிய ஒபாமாவை அப்பாலத்தின் மறுகரையாக றெம்னிக் காண்கின்றார். சிக்காகோவின் கறுப்பின அரசியலையும், 1983 இல் ஹரல்ட் வாஷிங்டன் அந்நகரின் மேயராகத் தெரிவுசெய்யப்பட்டமையின் தாக்கத்தையும் அவர் விரிவாக விளக்குவது நூலின் சிறப்பாகும். எனினும், ஒரு மக்கள் இயக்கத்தின் நிறைவு ஒருவரது பதவியேற்பிலே காணப்படும்போது, அவ்வியக்கத்தின் ஏனைய கோரிக்கைகள் கதையின் திசையைத் தீர்மானிக்கும் வலுவை இழக்கின்றன. மார்ட்டின் லூதர் கிங் 1966 இல் சிக்காகோவில் வீட்டுரிமைக்காகப் போராடியவர். 1968 இல் மெம்பிஸ் நகரச் சுத்திகரிப்புத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்கு ஆதரவளிக்கச் சென்ற இடத்திலே கொல்லப்பட்டவர். அப்பாதை வெள்ளை மாளிகையில் முடிவுற்றதாகக் கொள்வது, முடிவுறாத போராட்டத்தை முடிவுற்றதாகக் காட்டுவதாகும். புறூதோனிடம் மார்க்ஸ் கண்ட குறை இங்கு நளினமான உரைநடையிலே மீண்டும் தோன்றுகின்றது.

டேவிட் மரனிஸ் எழுதிய 'பராக் ஒபாமா: த ஸ்டோரி' (2012) வேறொரு வழியில் செல்கின்றது. கன்சாஸ் மாநிலத்திலும் கென்யாவின் லுவோ மக்களிடையேயும் முன்னோரைத் தேடிச் செல்லும் இந்நூலில், ஒபாமா பிறப்பதற்கே நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் காத்திருக்க வேண்டியுள்ளது. ஒபாமா 1995 இல் எழுதிய தன்வரலாற்றைச் சான்றுகளோடு ஒப்பிட்டு, பாட்டனார் பிரித்தானியரின் சிறையில் வதைக்கப்பட்டார் என்ற குடும்பக் கதை ஐயத்திற்குரியது எனக் காட்டியமை மரனிசின் ஆய்வு நேர்மைக்குச் சான்றாகும். ஆனால், அவர் திரட்டிய தரவுகளை ஒன்றிணைக்கும் நூல் தற்செயல் என்பதே. கென்ய மாணவர் ஒருவர் 1959 இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்திற்குச் செல்ல நேர்ந்தமை வெறும் தற்செயலன்று. குடியேற்றவாதம் பின்வாங்கிய வேளையில், புதிய ஆபிரிக்காவின் கல்விகற்ற குழாத்தைத் தன்பக்கம் ஈர்க்க முயன்ற அமெரிக்காவின் பனிப்போர்க்கால நலன் அதன் பின்னணியில் இருந்தது. தற்செயல் எந்தக் கதவால் நுழையலாம் என்பதைச் சமூகமே தீர்மானிக்கின்றது.

டேவிட் கறோவின் 'றைசிங் ஸ்டார்' (2017) ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்டது. இதன் தொடக்கமே மூன்றிலும் கூர்மையானது. 1980 மார்ச் 28 ஆம் திகதி சிக்காகோவின் தென்பகுதியில் விஸ்கொன்சின் உருக்காலை மூடப்பட்டு, ஏறத்தாழ 3,400 தொழிலாளர் வேலையிழந்தனர். பெரிய நிறுவனமொன்று 1977 இல் அவ்வாலையைச் சிறிய நிறுவனமொன்றிற்கு விற்றிருந்தது. அதனால் ஓய்வூதியப் பொறுப்பும் கேள்விக்குள்ளாயிற்று. இத்தகைய ஆலைமூடல்கள் விளைவித்த நெருக்கடியிலே தோன்றிய சமூக அமைப்பொன்றிற் பணியாற்றவே 1985 இல் ஒபாமா சிக்காகோ வந்தார். வர்க்க வரலாற்றின் வாயிலை இவ்வாறு திறந்த கறோ, விரைவிலேயே அதனை மூடிவிடுகின்றார். உருக்குத் தொழிலாளர் பின்னணிக்குச் செல்ல, காதலுறவுகளும் சுயவுருவாக்கமும் மேடையை நிரப்புகின்றன. ஒபாமா தம்மைத் தாமே ஆக்கிக்கொண்டவர், எனினும் உள்ளீடற்றவர் என்பதே இறுதித் தீர்ப்பு. இது ஹியூகோவின் தவறாகும். 2008 இன் நிதி நெருக்கடியைத் தொடர்ந்து வங்கிகள் பொதுப்பணத்தாற் காப்பாற்றப்பட, பல இலட்சம் குடும்பங்கள் வீடிழந்தன. இதனை ஒரு மனிதரின் உள்ளீடின்மையால் விளக்குவது, அவரது கையில் இல்லாத ஆற்றலை அவருக்கு வழங்குவதாகும்.

இவ்விடத்தில் எதிர்ப்புறத் தவறொன்றையும் தவிர்த்தல் வேண்டும். தனிமனிதர் வர்க்க நலன்களின் பொம்மைகள் மட்டுமே எனின், வாழ்க்கை வரலாற்றிற்கு இடமே இல்லாது போய்விடும். பிளெக்கனோவ் 1898 ஆம் ஆண்டுக் கட்டுரையிலே தனிமனிதரின் பங்கினை மறுக்கவில்லை. அப்பங்கு செயற்படும் எல்லைகளையே வரையறுத்தார். எனவே, வாழ்க்கை வரலாறு எவ்வாறு எழுதப்படலாம் என்பதே எம்முன்னுள்ள வினா.

அதற்கு விடைதேட உதவும் நூலொன்று அதே உருக்காலையின் வாயிலிலிருந்து தோன்றியது. ஆலைத் தொழிலாளரான பிராங் லம்ப்கினின் வாழ்க்கையை அவரது துணைவியார் பியற்றிஸ் லம்ப்கின் 1999 இல் எழுதி வெளியிட்டார். எங்கே சென்றாலும் கூட்டத்தோடு செல் என்பது அதன் தலைப்பின் கருத்து. பொதுவுடைமைவாதியான லம்ப்கின், வேலையிழந்தோரை ஒரு குழுவாகத் திரட்டி, பல ஆண்டுகள் நீதிமன்றத்திலும் வீதியிலும் போராடினார். 1988 இல் தொழிலாளருக்கு 1 கோடியே 48 இலட்சம் டொலர் இழப்பீடு கிடைத்தது. துணைவியாரும் தோழருமாகிய ஒருவர் எழுதிய நூல் ஆதலால் அதிற் பக்கச்சார்பு உண்டு. ஆயினும், நாயகனைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்காமல் எழுத முடியும் என்பதை அது காட்டுகின்றது.

அதே 1988 இல் ஒபாமா சிக்காகோவை விட்டு ஹாவார்ட் சட்டக் கல்லூரிக்குச் சென்றார். மரனிசின் நூலும் அவ்வாண்டுடன் நிறைவுறுகின்றது. மூடிய ஓர் ஆலையின் முன்னே இரு பாதைகள் பிரிந்தன. ஒன்று மூன்று பெருநூல்களுக்குப் பொருளாயிற்று. மற்றையது ஒரு சிறுநூலாயிற்று. இவ்விரண்டையும் ஒரே வரலாறாகக் கண்டு எழுதும்போதே, ஒரு சனாதிபதியின் வாழ்க்கை அவரைத் தெரிவுசெய்த மக்களின் வரலாறாகவும் அமைய முடியும்.