ஜாமீன் யார், ஜாமீன் எது?

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்க வரும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்தி அரைகுறையாகத் தெரிந்தாலும் போதும், கடைத்தெருப் பேச்சு பாதி பிடிபட்டுவிடும். பாக்கி, ரசீது, அசல், நகல், தகராறு எல்லாம் கறிவேப்பிலைக் கட்டோடு ஊரிலிருந்து வந்து இறங்கியவை போலவே ஒலிக்கும். நடைபாதையில் பரப்பிய சரக்கை நகராட்சி ஆட்கள் அள்ளிப்போனால் தில்லியில் ‘ஜப்த்’ என்பார்கள். கடன் கட்டாத விவசாயியின் டிராக்டரை எடுத்துப்போனால் திருச்சிப் பக்கம் ‘ஜப்தி’ என்பார்கள். சொல் ஒன்றுதான், அதைக் கேட்டவுடன் வயிற்றில் எழும் பயமும் ஒன்றுதான்.

ஒரு சொல் மட்டும் தமிழ்க் காதுக்குப் புதிது: ‘தஹ்பஜாரி’. தில்லியின் சாலையோர வியாபாரியிடம் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் அது இந்தச் சொல்லில் வந்து நிற்கும். ‘தஹ்’ என்றால் பாரசீகத்தில் அடி, கீழ்ப்பகுதி. சந்தையில் தரையில் உட்கார்ந்து விற்பவரிடம் வாங்கும் தரைக் கட்டணமே தஹ்பஜாரி. புதுச்சேரியிலும் தமிழ்நாட்டுச் சந்தைகளிலும் இதற்கு நெடுங்காலமாக ஒரு பெயர் உண்டு: அடிக்காசு. பாரசீகம் ‘தஹ்’ என்ற இடத்தில் தமிழ் ‘அடி’ என்கிறது.

ஆனால் இரண்டு சொற்களும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. அடிக்காசு இன்றும் காசுதான். தில்லியில் தஹ்பஜாரி காசிலிருந்து நகர்ந்து உரிமையாகிவிட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டால் உட்கார விட்டதாகத்தானே பொருள்? அப்படி, கட்டணத்தின் பெயரே அனுமதியின் பெயராயிற்று. “தஹ்பஜாரி இருக்கிறதா?” என்று கேட்டால் இந்த இடத்தில் உட்கார உனக்கு அனுமதி உண்டா என்று பொருள்.

இந்த நகர்வு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1989-இல் சோடன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, சாலையோர வியாபாரமும் அரசியல் சாசனத்தின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்றது. கூடவே, குறிப்பிட்ட ஓர் இடம் தனக்கே வேண்டும் என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது என்றும் சொன்னது. பின்னர், தஹ்பஜாரி கோரியவர்களின் மனுக்களை ஆராய தரேஜா கமிட்டி வந்தது. 2014-இல் சாலையோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்து, பழைய சொல்லை விட்டுவிட்டு ‘விற்பனைச் சான்றிதழ்’ என்றது. சட்டப் புத்தகத்திலிருந்து போன சொல் நடைபாதையிலிருந்து போகவில்லை.

மரபான சட்டச் சொற்களைத் தொகுக்கும் முயற்சி இங்கே இருநூறு ஆண்டுப் பழமையுடையது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு வரிக்கணக்கும் வழக்கும் புரியவேண்டியிருந்தது. 1852-இல் சி.பி. பிரவுன் சென்னையில் ‘ஜில்லா அகராதி’யை வெளியிட்டார். 1855-இல் ஹெச்.ஹெச். வில்சன் தொகுத்த நீதி, வருவாய்த்துறைச் சொற்களின் பெரிய அகராதி லண்டனில் வந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம் உட்படப் பல மொழிகளின் சொற்கள் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், சொற்பொருளோடு எந்த மொழியிலிருந்து வந்தது என்ற குறிப்பையும் தந்தது. பிறந்த ஊரை இந்த நூல்கள் கவனமாகக் குறித்தன. வந்த ஊரில் சொல்லுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இன்னும் விரிவாக எழுதப்படாத அத்தியாயம்.

ஜாமீனையே எடுத்துக்கொள்ளலாம். அரபியில் ‘ஸாமின்’ என்பவர் ஓர் ஆள், பொறுப்பேற்று நிற்பவர். அவர் தரும் பொறுப்புறுதி ‘ஸமானத்’. தில்லி நீதிமன்றங்களில் இந்த வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே கிடைப்பது ஜமானத். தமிழில் ஆளின் பெயர் காரியத்துக்குப் போய்விட்டது. இங்கே கிடைப்பது ஜாமீன். காலியான இடத்தில் நிற்க ‘ஜாமீன்தாரர்’ என்று புதிதாக ஒருவரைப் படைத்துக்கொண்டோம்.

பினாமி இதற்கு நேர் எதிர்த் திசையில் போயிற்று. ‘பே-நாம்’ என்றால் பெயரில்லாதது. உண்மை உரிமையாளர் பெயர் இல்லாமல் நடக்கும் கொடுக்கல் வாங்கலைக் குறித்தது அந்தச் சொல். 1988-இல் நாடாளுமன்றம் இயற்றிய தடைச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே இந்தப் பாரசீகச் சொல் இருக்கிறது. அங்கும் பினாமி என்பது பரிவர்த்தனைதான். தமிழிலோ பினாமி ஓர் ஆள். ‘அவர் இவருடைய பினாமி’ என்கிறோம். பெயரில்லாதது என்ற சொல், பெயரைக் கொடுத்தவருக்கே பெயராகிவிட்டது.

கைதும் இடம் மாறிய சொல். அரபியில் ‘கைத்’ என்றால் தளை, இந்தியில் சிறைவாசம். பிடிப்பதற்கு இந்தியில் ‘கிரஃப்தார்’. தமிழில் பிடிப்பதே கைது. ‘வாதா’ இந்தியில் வாக்குறுதி, திரைப்பாட்டில் காதலர் கொடுப்பது. தமிழ் நீதிமன்ற வளாகத்தில் ‘வாய்தா’ என்றால் அடுத்த தேதி. அன்று வந்துவிடுவேன் என்று கொடுத்த வாக்கு, இன்று நடக்காது என்ற செய்தியாக மாறிவிட்டது. ‘அமீன்’ என்றால் நம்பத் தகுந்தவர். கோர்ட் அமீனா வாசலில் வந்து நின்றால் வீட்டில் பண்டபாத்திரங்களை எண்ணத் தொடங்குவார்கள்.

ராஜினாமாவின் வழி இன்னும் வளைந்தது. ‘ராஸி-நாமா’ என்பது சம்மதப் பத்திரம். வட இந்தியக் கோர்ட்டில் இருதரப்பும் சமாதானமானால் எழுதுவது ராஜிநாமா. தமிழிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் அது வேலையை விட்டு விலகுவது. பம்பாய் மாகாண வருவாய் நடைமுறையில், விவசாயி தன் நிலத்தைச் சம்மதித்து விட்டுக்கொடுக்கும்போது எழுதிய கடிதத்துக்கு ராஜிநாமா என்று பெயர். நிலத்தை விடுவதற்கும் பதவியை விடுவதற்கும் தூரம் அதிகமில்லை. தஞ்சையை 1676 முதல் ஆண்ட மராத்தியரின் கணக்கர்களும், ஆர்க்காட்டு நவாபுகளின் அலுவலர்களும், பிறகு கம்பெனிக் கச்சேரிகளும் இத்தகைய சொற்கள் தமிழுக்குள் வந்த வாசல்கள். 1837-இல் கம்பெனி அரசு பாரசீகத்தை நீதிமன்ற மொழி என்ற இடத்திலிருந்து அகற்ற வழிசெய்தது. மொழி இறங்கியது, சொற்கள் இறங்கவில்லை. அக்பர் காலத்து அறுவடை ஆண்டான பசலி, தமிழ்நாட்டுத் தாலுகா அலுவலகங்களில் ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் இன்றும் புதிதாகப் பிறக்கிறது. 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434.

எல்லாச் சொல்லும் வெளியிலிருந்து வந்ததல்ல. பெரிய புராணத்தில் சுந்தரரின் திருமணத்தைத் தடுத்து நிறுத்துவது, அவரை அடிமை எனக் கோரும் ஓர் ஓலை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கே ஒரு கோரிக்கையை நிறுவ மூன்று வழிகள் பேசப்படுகின்றன: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. நெடுநாள் அனுபவம், எழுத்து, பிறர் சாட்சி. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காப்பியம் சாட்சியச் சட்டத்தையே மூன்று சொல்லில் வைத்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் தமிழ்ச் சொல்லே சட்டமாக நிற்கிறது. டச்சு ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707-இல் அளித்த வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை ஆங்கில ஆட்சி 1806-இல் ஏற்றது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று சொற்களைச் சுற்றி இலங்கை நீதிமன்றங்கள் இருநூறு ஆண்டுகளாகத் தீர்ப்பு எழுதிவருகின்றன. தேடியதேட்டம் என்பது மண வாழ்க்கையின்போது தேடிய சொத்து. அதற்குள் எது வரும், எது வராது என்பதை 1911-லும் 1947-லும் சட்டம் திருத்தி வரையறுக்க வேண்டியிருந்தது. வீட்டுப் பேச்சில் எல்லாருக்கும் தெரிந்த சொல்தான். கணவன் மனைவி பிரியும்போது அதன் ஓரங்களை அளந்து பார்க்க வேண்டியிருந்தது.

தில்லியில் அண்மையில் எழுந்த கேள்வி வேறு. முதல் தகவல் அறிக்கையில் போலீஸார் எழுதும் உருது, பாரசீகச் சொற்கள் புகார் கொடுத்தவருக்கே புரிவதில்லை என்று 2019-இல் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மனு வந்தது. அறிக்கை புகார்தாரரின் சொற்களில் இருக்க வேண்டும், அகராதியைப் புரட்ட வைக்கக் கூடாது என்றது நீதிமன்றம். 383 சொற்களின் பட்டியல் ஒன்று தயாரானது. 2023-இல் அதே எண்ணிக்கைப் பட்டியலோடு, எளிய சொற்களை எழுதச் சொல்லி போலீஸ் கமிஷனரின் சுற்றறிக்கை மறுபடியும் போனது. அடுத்த ஆண்டு, 2024 ஜூலை 1 அன்று, 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் விலகி பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. உருதுவில் ‘தாஜிராத்தே ஹிந்த்’ என்று எழுதிப் பழகிய கை இப்போது ‘சன்ஹிதா’ என்று எழுதுகிறது. புகார் கொடுக்க வந்த காய்கறிக்காரருக்கு இரண்டில் எது எளிது?

தமிழ்நாட்டில் 1956-இன் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் வந்த சொல்லாக்கத்தில் சில நன்றாக வேரூன்றின. வழக்கறிஞர், வட்டாட்சியர், பதவி விலகல் ஆகியவை செய்தித்தாளில் இயல்பாக வருகின்றன. பிணை பழந்தமிழ்ச் சொல், அழகான சொல். ஆனாலும் மகனைப் போலீஸ் கொண்டுபோன இரவில் தாய் கேட்பது ஜாமீனைத்தான். புதுச்சொல் ஆக்குபவர்கள் அவளிடம் இருக்கும் சொல்லைக் குப்பை என்று தள்ளாமல், அவள் அதில் ஏற்றிவைத்திருக்கும் பொருளையும் குறித்துக்கொள்ள வேண்டும். அரபி ஸாமினும் தில்லி ஜமானத்தும் தமிழ் ஜாமீனும் ஒரே வரியில் நிற்கும் அகராதி இன்று தேவை. அதற்கான சான்றுகள் நூலகத்தில் மட்டும் கிடைக்காது. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடமும், கோர்ட் அமீனாவிடமும், சந்தையில் அடிக்காசு கொடுப்பவரிடமும் கேட்க வேண்டும்.

ஐ.என்.ஏ. பக்கத்து நடைபாதையிலும் கேட்கலாம். தில்லியில் தஹ்பஜாரி கோரும் வியாபாரி காட்டுவது என்ன? இத்தனை வருடம் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது ஒன்று. பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த அபராத ரசீதுகள் இன்னொன்று. பக்கத்துக் கடைக்காரரின் வாக்கு மூன்றாவது. திருவெண்ணெய்நல்லூர் அவையார் கேட்ட ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி மூன்றும் அந்தக் கூடையருகே இருக்கின்றன.