இசைக்குழுவும் ஒத்திசைவும்: அரங்கேற்று காதை முதல் பினாங்கு அலிகேட்ஸ் வரை

முன்னுரை

மலேசியத் தமிழர்தம் இசைமரபை ஆராய்வோர் பெரும்பாலும் தனிக் கலைஞர்களின் வரலாற்றையே எழுதி வந்துள்ளனர். பாடகர் யார், பாடல் எது என்னும் வினாக்களுக்கு விடை காணும் அவர்கள், பலர் கூடி ஒரு குழுவாவது எவ்வாறு என்னும் வினாவை எழுப்புவதில்லை. தக்க துணைவரைத் தேர்தலும், அவரோடு ஒரே இலக்கை வகுத்துக்கொள்ளுதலும் இசைக்கலையின் புறச்செய்திகள் அல்ல. அவையே அக்கலையின் அடித்தளம். இக்கருத்தைச் சிலப்பதிகாரத்தின் துணைகொண்டும் மலேசியக் குழுக்கள் இரண்டின்வழியும் நாம் இங்கு ஆராய்வோம்.

அரங்கேற்று காதை காட்டும் இலக்கணம்

மாதவியின் அரங்கேற்றத்திற்கு முன் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை நிரல்பட உரைக்கிறார். இப்பகுதியைக் கலைச்சொற்களின் களஞ்சியமாக மட்டும் கற்பிப்பது நம் வகுப்பறை வழக்கம். ஆயின் அங்கு ஒருவனது தகுதி அவன் கருவியோடு முடிந்துவிடுவதில்லை. தண்ணுமையாசிரியன் ஆடலும் பாடலும் பண்ணும் தமிழும் அறிந்தவனாக இருத்தல் வேண்டும். யாழும் குழலும் மிடற்றுப் பாடலும் தம்முள் இசைந்து கேட்குமாறு, வேண்டிய இடத்தில் எழுப்பியும் வேண்டாவிடத்து அடக்கியும், அளவு மீறாது முழக்குபவனே அத்தொழிலில் முதல்வன் எனப்படுகிறான். பிறர்க்கு இடம் தருதலும் திறமையின் ஒரு கூறு என்பதே இதன் பொருள்.

அரங்கில் கருவிகள் சேரும் முறையும் இதனை உறுதிப்படுத்துகிறது. குழலின் வழி யாழும், யாழின் வழித் தண்ணுமையும், அதன்பின் முழவும், முழவோடு ஆமந்திரிகையும் ஒன்றுகின்றன. ஒவ்வொன்றும் முன்னதைக் கேட்டே தன் ஒலியைத் தொடங்குகிறது.

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. அக்குழுவின் இலக்கு சோழன் அவையில் நிகழும் அரங்கேற்றம். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் அதன் பரிசு. இலக்கை அவை வகுத்தது, கலைஞர் ஒத்திசைந்தனர். இக்காலக் குழுவினரோ தம் துணைவரைத் தாமே தேர்ந்து, இலக்கையும் தாமே வகுத்துக்கொள்ள வேண்டியவர்கள்.

அலிகேட்ஸும் மொழி வினாவும்

பினாங்கில் தோன்றிய அலிகேட்ஸ் குழுவின் முன்னணிப் பாடகர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள். மேலையிசைப் பாடல்களைக் கேளிக்கை விடுதிகளில் இசைத்துப் பயின்ற இக்குழு, 1979இல் ‘தெரிமா காசே’ என்னும் மலாய் இசைத்தொகுப்பை வெளியிட்டது. எம். நாசிர் போன்ற மலாய்ப் படைப்பாளிகளோடு இணைந்து நாடறிந்த குழுவாகவும் உயர்ந்தது.

இவர்கள் தமிழில் பாடிப் புகழ்பெறாமையால் மலேசியத் தமிழ்க் கலை வரலாற்றில் இடம்பெறத் தகாதவர் என்பது நம்மிடையே நிலவும் ஒரு கருத்து. இது முழுவதும் புறந்தள்ளத் தக்கதன்று. தமிழ்ப் பாடல் மரபுக்கு அவர்களின் பங்களிப்பு குறைவே. ஆயினும் மொழியை மட்டும் அளவுகோலாகக் கொள்வோமாயின், பினாங்குத் தமிழ் இளைஞர் பல்லினக் கேட்போரை நோக்கி ஒரு பொது இலக்கை வகுத்து, அதனைப் பல பத்தாண்டுகள் காத்த வரலாறு நம் ஆய்வினின்று நழுவிவிடும். 2007இல் லோகநாதன் மறைந்த பின்னும் டேவிட் அக்குழுவைத் தொடர்ந்து நடத்தினார். ஒரு குரல் ஓய்ந்தும் குழு ஓயாமைக்குக் காரணம், இலக்கு ஒருவருடையதாக மட்டும் இல்லாமையே எனலாம்.

‘வல்லவன்’ காட்டும் மறுபக்கம்

பொயட்டிக் அம்மோ என்னும் சொல்லிசைக் குழு 1990களில் பல மொழிகளில் பாடியது. அதிலிருந்து வந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் நட்சத்ரா என்னும் பெயரில் இணைந்து 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டார். தமிழே இங்கு இலக்காயிற்று. அத்தொகுப்பு தமிழகத்திலும் கேட்கப்பட்டது. தமிழ்ச் சொல்லிசையின் வளர்ச்சியில் அதற்குத் தனியிடம் உண்டு. ஆனால் அக்கூட்டணி அலிகேட்ஸ் போன்று நெடிது நிலைக்கவில்லை. ஆழ்ந்த இலக்கு ஒரு சிறந்த படைப்பைத் தரும். குழுவின் நெடுவாழ்வுக்கு அது ஒன்றே போதாது என்பதை நாம் இதனால் உணரலாம்.

முடிவுரை

அரங்கேற்று காதை ஒத்திசைவின் இலக்கணத்தைத் தந்தது. இலக்கைத் தேரும் இலக்கணத்தை நம் காலத்துக் குழுக்களே வகுக்க வேண்டியுள்ளது. தாசேக் கெலுகோர் முதலிய வட செபராங் பிறை ஊர்களிலும் தோட்டப்புறங்களிலும் உறுமிமேளம் முழக்கும் இளைஞரை இந்நோக்கில் ஆராய்வது இன்றியமையாதது. யாரை ஏன் சேர்த்தனர், எதனை இலக்காகக் கொண்டனர், எதனால் பிரிந்தனர் என்பவை வாய்மொழியாகவே வாழும் செய்திகள். உரியவர் மறையின் அவையும் மறையும். தமிழாசிரியர்கள் அரங்கேற்று காதையைக் கற்பிக்கும்போதே, ஊர்க் குழுவொன்றின் வரலாற்றை மாணவர் கேட்டெழுதும் பயிற்சியையும் இணைப்பாராயின் இலக்கியக் கல்வியும் கள ஆய்வும் ஒருங்கே வளம்பெறும்.