வட்டாரப் பாணியும் கிளைமொழியும்: அயர்லாந்து ஆடலிசையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஒரு துறைக்குரிய கலைச்சொல்லை மற்றொரு துறை கடனாகப் பெறும்போது அச்சொல்லின் முற்கோள்களும் உடன் செல்கின்றன. அயர்லாந்தின் மரபுவழி ஆடலிசையைப் பற்றி எழுதுவோர் அதன் வட்டாரப் பாணிகளைக் ‘கிளைமொழிகள்’ எனக் குறிப்பிடுவது இதற்குத் தக்க சான்று. இவ்வொப்புமை எவ்வளவு தொலைவு செல்லும், எங்கே இடறும் என்பது மொழியியலார் ஆராய்தற்குரியது.

ஒப்புமைக்கு இடந்தரும் சான்றுகள் குறைவல்ல. வடமேற்கிலுள்ள டானிகாலின் பிடில் வாசிப்பில் சுரத்துக்கொரு வில்வீச்சு பெருவழக்கு. ஒலி துணிப்பாகவும் விரைவாகவும் அமையும். ஸ்காட்லாந்துத் தொடர்பால் ஹைலண்டு, ஸ்ட்ராத்ஸ்பே ஆகிய வடிவங்கள் அங்கே வேரூன்றியுள்ளன. ஸ்லைகோவில் பல சுரங்களை ஒரே வீச்சில் இணைத்தலும் ‘ரோல்’ எனப்படும் சுழலணியும் மிகுதி. கார்க், கெர்ரி எல்லையிலுள்ள ஷ்லீவ் லூக்ராவில் ரீலினும் போல்காவும் ஸ்லைடும் சிறந்து நிற்கும். கிழக்குக் கிளேரில் வேகம் தணியும். ஒரே மெட்டு நான்கு இடங்களில் நான்கு விதமாக ஒலிப்பினும் அதே மெட்டென்று அறியப்படுகிறது. அணிகளை மாற்றொலிகளோடும் மெட்டுத் தொகுதியைச் சொற்களஞ்சியத்தோடும் ஒப்பிட்டால் பொருத்தம் தெளிவாகவே தெரிகிறது.

தொகுப்பு நூல்களிலும் இதே பொருத்தம் உண்டு. சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக விளங்கிய பிரான்சிஸ் ஓநீல் 1903இல் வெளியிட்ட தொகுப்பில் 1850 மெட்டுகள் உள்ளன. அணிகள் மிகச் சிலவே குறிக்கப்பட்ட அந்நூல், சொல்லைத் தந்து உச்சரிப்பைத் தராத அகராதி போன்றது. 1963இல் தம் தொகுப்பின் முதற்பகுதியை வெளியிட்ட பிரெண்டான் பிரானாக், மெட்டு யாரிடம் பெறப்பட்டது என்பதைக் குறித்து, வாசித்தவாறே எழுதிக் காட்ட முயன்றார். இது களப்பணியாளரின் நெறி.

இடர்ப்பாடு, வரைபடம் தீட்டும்போது தொடங்குகிறது. ஐரிஷ் மொழியின் கிளைமொழிகளுக்கு ஹைன்ரிக் வாக்னர் 1958 முதல் 1969 வரை நான்கு தொகுதிகளாக நிலவரைபடநூல் தந்தார். அதில் ஒரு வடிவத்தை ஓர் ஊரில் இடும்போது, அவ்வூரார் குழந்தைப் பருவத்தில் அதனைத் தாமாகப் பெற்றனர் என்னும் கருத்து அடிப்படையாக நிற்கிறது. இசையில் அவ்வடிப்படை இல்லை. டானிகால் பாணிக்கு எல்லோரும் காட்டும் சான்று ஜான் டோஹர்ட்டி (மறைவு 1980). அவர் ஊர் ஊராகச் சென்று தகரவேலை செய்த குடும்பத்தவர். ஓரிடத்தில் நிலைத்து வாழாதவரைக் கிளைமொழியாய்வு தகவலாளராக ஏற்கத் தயங்கும். இசையாய்வோ அவரையே இலக்கணமாக்கிக் கொண்டது.

ஷ்லீவ் லூக்ராவின் நிலை இதனினும் வியப்பானது. பாட்ரிக் ஓகீஃப் (1887–1963) பள்ளியாசிரியர் பணியை இழந்தபின் வீடுவீடாகச் சென்று பிடில் கற்பித்தார். கம்பியையும் விரலையும் சுட்டும் எண்குறிப்பொன்றைத் தாமே வகுத்து மாணாக்கருக்கு எழுதிக் கொடுத்தார். இன்று அவ்வட்டாரத்தின் அடையாளமாகப் போற்றப்படும் டெனிஸ் மர்ஃபி, ஜூலியா கிளிஃபர்டு ஆகிய உடன்பிறப்புகள் இருவரும் அவர் மாணாக்கர். ஓராசிரியரின் தனியாள் வழக்கு எது, வட்டார வழக்கு எது என்று இங்கே பிரிப்பது எளிதன்று. பிரிக்க முயன்றோரும் சிலரே.

பொதுவழக்கு உருவான வரலாறோ ஒப்புமையைத் தலைகீழாக்குகிறது. ஐரிஷ் மொழியின் எழுத்துத் தரவழக்கு 1958இல் நாடாளுமன்ற மொழிபெயர்ப்புப் பிரிவு வகுத்தது. மொழிபெயர்ப்பாளர்கள் அலுவலகத் தேவைக்காக, எந்த ஒரு வட்டாரத்தையும் முழுமையாகப் பின்பற்றாது, பலவற்றிலிருந்தும் தெரிந்தெடுத்த வடிவம் அது. இசையில் அத்தகைய குழு எதுவும் கூடவில்லை. ஸ்லைகோவின் கில்லாவிலைச் சேர்ந்த மைக்கேல் கோல்மன் (1891–1945) 1914இல் அமெரிக்கா சென்று, 1920களில் தொடங்கி நியூயார்க்கில் இசைத்தட்டுகள் பதித்தார். ஜேம்ஸ் மாரிசன், பேடி கில்லோரன் முதலிய ஸ்லைகோக்காரரும் அவ்வாறே. அத்தட்டுகள் கடல் கடந்து திரும்பி வந்து அயர்லாந்தெங்கும் முன்மாதிரியாயின. கோல்மன் இணைத்து வாசித்த மெட்டுகளின் வரிசைகூட மாறாமல் பின்பற்றப்பட்டது. ஆக, ஒரு வட்டாரத்தின் வழக்கு வணிகத்தால் பொதுவழக்காயிற்று.

ஒப்புமை அறவே கைவிடும் பொருளும் ஒன்றுண்டு: ஆடுவோரின் கால்கள். கிளைமொழிகளை ஒப்பிடும்போது ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்குமா என்பது ஓர் அளவுகோல். இவ்விசைக்கோ அதற்கு ஆட முடியுமா என்பதே அளவுகோல். ஷ்லீவ் லூக்ராவின் போல்கா நடையை அங்கு ஆடப்படும் ‘செட்’ ஆடலினின்றும் பிரித்தால் விளக்கவியலாது. 1935ஆம் ஆண்டின் பொது நடனமன்றச் சட்டத்தின்பின் வீட்டு ஆடல்கள் நலிந்தன. இசை மன்றங்களுக்கும் கேய்லி இசைக்குழுக்களுக்கும் பெயர்ந்தது. ஷான் ஓரியாடா 1962இல் வானொலியில் நிகழ்த்திய தொடர் சொற்பொழிவுகள் அக்குழுக்களை வன்மையாகக் கண்டித்தன. ஆயினும் கேட்பதற்கான இசையையே உயர்வாகக் கொண்ட அவர் ஆடுவோரின் தேவைக்கு உரிய மதிப்பளித்தாரெனக் கூறவியலாது.

தமிழில் பெயர்ப்போர் இங்கே ‘வட்டார வழக்கு’ என்பதை விலக்கிப் ‘பாணி’ என்பதைக் கொள்ளுதல் நன்று. பந்தநல்லூர் பாணி என்பதில் ஊர் ஊரையே குறிக்கிறது. அரியக்குடி பாணி என்பதிலோ ஊர்ப்பெயர் ஒரு பாடகரைக் குறிக்கிறது. ஓகீஃபின் சிக்கல் இச்சொல்லுக்குள் முன்னரே இடம்பெற்றுள்ளது. ‘நடை’ என்பது தாளநடையோடு மயங்கும்.

பாணிகளை வரைபடத்தில் இட விரும்புவோர், கோல்மனின் வாசிப்பைக் கில்லாவிலில் குறிப்பதா நியூயார்க்கில் குறிப்பதா என்பதை முதற்கண் தெளிவாக்க வேண்டும். இதுகாறும் அது கில்லாவிலிலேயே குறிக்கப்பட்டு வருகிறது.