கொக்கும் எருமையும் கீழ்க்கோடும்

கிளிவெட்டிக்காரர் எல்லாரும் வெள்ளாமை தெரிந்தவர்கள். இவரும் வெள்ளாமை தெரிந்தவர். ஆகவே இவர் கிளிவெட்டிக்காரர்.

ரியூசன் வகுப்புப் பலகையில் இதை எழுதிப்போட்டால் தலையாட்டப் பலர் இருப்பார்கள். எருமைகள் எல்லாம் வயலில் இறங்குவன. இந்தக் கொக்கும் வயலில் இறங்குவது. ஆகவே இந்தக் கொக்கு எருமை என்று எழுதினால் வகுப்பே சிரிக்கும். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. முதலாவதில் முடிவு நம்பும்படி இருப்பதால் நடுவிலுள்ள ஓட்டை கண்ணில் படுவதில்லை. அயலூர்களான தோப்பூரிலும் மூதூரிலும் வெள்ளாமைக்காரர் இல்லையா என்ன?

உயர்தரத்தில் அளவையியல் படிக்கிற பிள்ளை ஒரே வரியில் தீர்த்துவிடும்: மத்திய பதம் வியாப்தி அடையவில்லை. எடுகூற்றுகள் இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டியது ‘வெள்ளாமை தெரிந்தவர்’ என்ற பதம். அதுவோ ஓரிடத்திலும் தன் கூட்டம் முழுவதையும் சுட்டவில்லை. இப்படி இரண்டு எடுகூற்றிலிருந்து ஒரு முடிவெடுக்கும் நியாயத்தொடைக்கு 256 வடிவங்கள் சொல்வார்கள். பழைய கணக்கில் தேறுவது 24. இல்லாத பொருளைப் பற்றியும் ‘எல்லா’ என்று பேசலாம் என்கிற இன்றைய கணக்கில் 15தான்.

காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுத்த அளவையில் பக்கம் (நிறுவவேண்டிய கூற்று), ஏது (காரணம்) என்பவற்றோடு திட்டாந்தமும் (எடுத்துக்காட்டும்) உண்டு. புகையைக் கண்டு மலையில் நெருப்பென்று சொல்பவர், இரண்டும் சேர்ந்திருக்கக் கண்ட இடமாக அடுக்களையைக் காட்டவேண்டும். போட்டிப் பரீட்சைக்கு அதெல்லாம் தேவையில்லை. கதிரைகள் எல்லாம் நதிகள் என்று தாளில் இருந்தால் நதிதான். எனக்கு மனம் ஒட்டுவது அடிகளிடம். விளையாட்டு என்று வந்தால் கதிரையும் நதியுமே ருசி.

அதே பரீட்சையின் சமனிலிக் கணக்கை நியாயத்தொடையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சுவை கூடும். நியாயத்தொடையில் மெலிந்த கூற்று முடிவையும் மெலியவைக்கும். இரண்டு எடுகூற்றில் ஒன்று ‘சில’ என்றால், முடிவு ‘எல்லா’ என்று நிமிர முடியாது. ஒன்று மறுத்தால் முடிவும் மறுக்கும். சமனிலியில் நடப்பது நேர்மாறு. க ≥ ச, ச ≥ ட, ட > த என்று வரிசையில் ஒரேயொரு கறாரான குறி இருந்தால் போதும். க > த என்று அடித்துச் சொல்லலாம். ஒரு > வந்து அத்தனை ≥ குறிகளின் தயக்கத்தையும் தீர்த்துவிடுகிறது. தாமஸ் ஹாரியட்டின் நூலில் 1631இல் > அச்சேறியது. கீழ்க்கோடு போட்ட குறியைப் பியர் பூகேர் 1734இல் கையாண்டார், அதுவும் இரட்டைக் கோடாக.

அந்தக் கீழ்க்கோட்டின் முழு அழகும் தெரிவது, தரவிலிருந்து எந்த முடிவு பெறப்படும் என்று கேட்கும் வினாவின் ‘ஒன்று அல்லது இரண்டு’ என்ற விடையில். தரவு க ≥ ச, ச ≥ ட. முடிவு ஒன்று: க > ட. முடிவு இரண்டு: க = ட. தனித்தனியே எடுத்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் ஒருசேரப் பொய்யாகவும் வழியில்லை. அவசரக்காரர் இரண்டையும் வெட்டிவிட்டு ‘எதுவுமில்லை’ என்று குறித்துவிடுவார். வினா எடுப்பவர் கெட்டிக்காரரானால் இரண்டாவது முடிவை ‘ட = க’ என்று திருப்பிப் போடுவார். சமன் குறிக்கு முன்பின் கிடையாது. இருந்தும் எழுத்து இடம் மாறியதும் ஜோடி கண்ணுக்குத் தப்பிவிடும்.